இடுப்பளவு வாசல்

"அம்மை, அந்த வாசலை உடைச்சிருங்க. இல்லைன்னா விளக்கை வேற ஆளுகிட்ட குடுத்துருங்க."

ஆவுடையப்பன் நின்றுகொண்டேதான் இதைச் சொன்னார். உட்காருவதில் சிரமம் ஒன்றும் இல்லை, பொத்தென்று விழுந்தால் போதும். எழுந்திருக்கத்தான் நாலு பேர் வேண்டும்.

பிரமு அம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அந்த மடத்துக்குத் தலைவியும் அவர்தான், குருவும் அவர்தான். ஆவுடையப்பனுக்கு எழுபது வயது. அம்மைக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். இவர் அவரை அம்மை என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

"எந்த வாசல் அண்ணாச்சி?"

தெரியாத மாதிரிக் கேட்டதில் ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. மடத்தில் உடைக்க வேண்டிய வாசல் வேறு எது இருக்கிறது?

மடத்தைத் தொடங்கிய ஆதிசாமியின் சமாதி பின்கட்டில் இருக்கிறது. சின்னக் கல் அறை. அதன் வாசல் ஒரு ஆளின் இடுப்பளவுதான். கீழே ஒரு சாண் உயரத்துக்கு அகலமான கல்படி வேறு. உள்ளே போகிறவர் தலையைக் குனிந்த அதே நேரத்தில் காலையும் தூக்கியாக வேண்டும்.

ஆதிசாமி தன் கையாலேயே கட்டியது. ஏன் அப்படிக் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. பணிவு வர வேண்டும் என்று கட்டினார் என்பார்கள் சிலர். கல் தீர்ந்துவிட்டது என்பார்கள் சிலர்.

உள்ளே ஒரு விளக்கு. விடிகிற நேரத்தில் தினமும் அதை ஏற்ற வேண்டும்.

ஆவுடையப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சங்கரவடிவு போன பிறகு மடத்துக்கு வந்தார். அப்போது இருந்த பழைய குரு, தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்து, இனி இந்த விளக்கு உன் பொறுப்பு என்றார். அன்றிலிருந்து உலகத்தில் தன் வேலை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் வாசலில் மாட்டிக்கொண்டார். தலை உள்ளே போய்விட்டது. கால் எழும்பவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அவர் போட்ட சத்தத்தில் மடமே ஓடி வந்தது. வண்டியிலிருந்து கிடாவை இறக்குவது போல இரண்டு பேர் பின்பக்கமாக இழுத்து எடுத்தார்கள்.

அதிலிருந்து தோட்ட வேலை பார்க்கும் குற்றாலிங்கம்தான் உள்ளே போய் விளக்கேற்றுகிறார். ஆவுடையப்பன் வெளியே நின்று பார்க்கிறார்.

மடத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வாசலை இடித்து உயர்த்திப் படியையும் எடுத்துவிடலாம் என்று ஒரு மனதாக முடிவானது. அண்ணாச்சிக்காக ஆதிசாமி கோவிச்சுக்கிட மாட்டார் என்றார்கள். சூசை கொத்தனார் வந்து நூல் பிடித்து அளவு எடுத்துவிட்டுப் போனார். அம்மையின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

ஆவுடையப்பனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆதிசாமி கட்டிய வாசலை ஆவுடையப்பனின் முழங்கால் முட்டுக்காக இடித்தார்கள் என்று ஊர் சொல்லும். விளக்கை விட்டுவிட்டால் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். அங்கே சோபா இருக்கிறது, டிவி இருக்கிறது, அவர் செய்ய ஒரு வேலையும் இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அம்மை கேட்டார்.

எலும்பு பழசுதான், ஆனால் கெட்டுப்போகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாக நடங்கள், மடக்குங்கள், நீட்டுங்கள், சும்மா மட்டும் இருக்காதீர்கள் என்றும் சொல்லி, கொஞ்சம் மாத்திரையும் கொடுத்தார். ஆவுடையப்பன் மாத்திரையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

"காலையில எந்திரிச்சா இடுப்பு கட்டையா நிக்கு. முட்டு மடங்க மாட்டேங்கு. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா அம்மை? எனக்கு எழுபது."

"அஞ்சுல வளைஞ்சதுதானே அண்ணாச்சி?"

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"சரி, உடைச்சிருவோம்."

இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் அங்கிருந்து நகரவில்லை.

"தையில குருபூசை. அதுக்கு முந்தின வாரம் சூசையை வரச் சொல்லுங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு வாங்க."

அந்த மடத்தில் நன்றி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கை செய்ததற்குக் கைதான் பதில் சொல்ல வேண்டும் என்பது ஆதிசாமி காலத்து வழக்கம். ஒருவர் உனக்கு ஒரு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் நீ அவருக்கு ஒரு குடம் இறைத்துக் கொடு. உன் துணியை மடித்து வைத்தால் அவர் துணியை நீ மடித்து வை. அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் முதலில் முழிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

ஆவுடையப்பனுக்கு மட்டும் இந்த வழக்கத்திலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள். பெரியவர், அவரைப் போய்க் கஷ்டப்படுத்துவதா என்று எல்லோரும் சேர்ந்து கொடுத்த விலக்கு. ஆரம்பத்தில் அவரும் பதிலுக்குச் செய்யத்தான் போனார். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். போகப் போக அவரும் விட்டுவிட்டார்.

முதலில் பாய் போய்க் கட்டில் வந்தது. பந்தியில் உட்கார வேண்டாம் என்று நாற்காலியும் மேசையும் வந்தன. குளிக்கிற தண்ணீர் அறை வாசலுக்கு வந்தது. அவர் குனிய வேண்டிய இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் முந்திக் குனிந்துவிட்டார்கள். எல்லாம் அன்புதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அவங்க விட மாட்டாங்களே அம்மை."

"நான் சொல்லிக்கிடுதேன்."

அம்மை மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

வாசலைப் பற்றிக் கேட்க வந்தவனுக்கு வேலையை ஏவுகிறார்களே என்று ஆவுடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

*

முதலில் ரத்னசபாபதி.

ஆவுடையப்பனோடு ஒரே அறையில் இருப்பவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருக்கும் வயது ஏறக்குறைய அதேதான், ஆனால் உடம்பு கம்பி மாதிரி. ஆவுடையப்பனின் வார்ச் செருப்பைத் தினமும் காலையில் மாட்டி, வாரை இழுத்துவிடுவது அவர்தான்.

மறுநாள் காலையில் ரத்னசபாபதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பல் பிடுங்க வந்தவர் முகம் போல இருந்தது அவர் முகம்.

ஆவுடையப்பன் கட்டில் காலைப் பிடித்தார். கொஞ்சம் இறங்கினார். இடுப்பு தடுத்தது. நின்றார். இன்னும் கொஞ்சம் இறங்கினார். பிறகு பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"வேண்டாம் வே, எனக்குப் பாவம் சேருது" என்று ரத்னசபாபதி காலை இழுத்தார்.

"காலை ஆட்டாம இரும் வே. அம்மை சொல்லியாச்சு."

இடது செருப்பு ஏறியது. வலது செருப்பும் ஏறியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ரத்னசபாபதி கை கொடுத்துத் தூக்கினார்.

அந்தக் கைக்கும் ஒரு நன்றி சேர்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் ரத்னசபாபதி பந்தியிலிருந்து எழும்போது, எங்கிருந்தோ வந்து ஆவுடையப்பன் கை நீட்டினார். தேவையே இல்லாத கை. ரத்னசபாபதி பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் சேர்ந்து விழாமல் தப்பித்தார்கள். மடத்தில் அன்று ரொம்ப நேரம் சிரிப்பு ஓயவில்லை.

இப்படியே போனால் இந்த நன்றி எப்போது தீரும் என்று ஆவுடையப்பன் அம்மையிடம் போய்க் கேட்டார்.

தீர்ந்தால் சொல்லுங்கள் என்றார் அம்மை.

*

அடுத்தது மாடத்தி.

மடத்தின் சமையல் அவள் பொறுப்பு. ஆவுடையப்பனின் மேசைக்குத் தினமும் சோறு கொண்டுவந்து வைத்து, கூடவே நின்று பரிமாறுவாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து தானும் சாப்பிடுவாள்.

அம்மை அவளைப் பந்தியில் உட்காரச் சொன்னார். முன்னால் தரையில் இலை போட்டாயிற்று.

மேசையில் பரிமாறுவது வேறு, தரையில் கிடக்கிற இலைக்குப் பரிமாறுவது வேறு. ஆவுடையப்பன் நின்ற உயரத்திலிருந்தே ரசத்தை விட்டார். பாதி இலையில் விழுந்தது, பாதி மாடத்தியின் சேலையில் விழுந்தது.

முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தாழ்ந்து விட்டார். அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இடுப்பில் யாரோ கயிற்றை இறுக்குவது போல வலித்தது. இறுகுகிற இடத்தில் நின்று ஒரு மூச்சு விட்டால் அதற்கு மேல் ஒரு விரற்கடை இறங்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார்.

ஒரு நாள் ரசம் சத்தமில்லாமல் இலையில் இறங்கியது.

மாடத்தி சோற்றைப் பிசையாமல் குனிந்தபடியே இருந்தாள். உப்புக் கூடிவிட்டதா என்று ஆவுடையப்பன் கேட்டார். சமைத்தவள் அவள்தான் என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கு யாரும் பரிமாறினதே இல்லை அண்ணாச்சி. கல்யாணத்தன்னைக்கு ஒரு நேரம். அதோட இப்பதான்."

ஆவுடையப்பன் கரண்டியோடு அப்படியே நின்றார். இத்தனை காலம் இவள் கையால் சாப்பிட்டிருக்கிறோம், இவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளாவது பார்த்தோமா என்று நினைத்தார். கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மாடத்தி அடிக்கடி இன்னும் ஒரு கை சோறு என்பாள், கொஞ்சம் மோர் என்பாள். ஒவ்வொன்றுக்கும் அவர் குனிய வேண்டியிருந்தது. அது பசியா வேறு ஏதாவதா என்று அவளுக்குத்தான் தெரியும்.

*

குற்றாலிங்கத்துக்குச் சொல்ல வேண்டிய நன்றிதான் கஷ்டமானது.

சமாதி விளக்குக்கு முன்னால் வைக்கிற பூவைத் தினமும் அவர்தான் பொறுக்கிக் கொடுப்பார். பவளமல்லிப் பூ. மற்றப் பூவையெல்லாம் செடியிலிருந்து பறிக்க வேண்டும், கீழே விழுந்ததைச் சாமிக்கு வைக்கக் கூடாது. பவளமல்லிக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. அது விடியும்போது தானாக உதிரும், தரையில் கிடப்பதைத்தான் பொறுக்க வேண்டும்.

குற்றாலிங்கத்தின் அறையில் அவர் மனைவி படம் ஒன்று மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குப் பூப் பொறுக்கித் தருவது என்று ஆவுடையப்பன் முடிவு செய்தார்.

விடிகாலையில் மரத்தடிக்குப் போனார். தரையெல்லாம் பூ. குனிந்து பார்த்தார். கைக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழம் குறையவே இல்லை.

சரி என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பொறுக்கினார். வேட்டியெல்லாம் செம்மண். அண்ணாச்சி தவழ ஆரம்பிச்சுட்டாரு என்று ரத்னசபாபதி அந்தப் பக்கமாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பூக்கூடை நிறைந்தது. இனி எழுந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் ஆள் வரும். வந்தால் அதற்கும் ஒரு நன்றி சேரும்.

யோசித்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி, அடிமரம் வரைக்கும் நகர்ந்து, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்து நின்றார். யாரும் கை கொடுக்காமல் தரையிலிருந்து எழுந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அவர் பிடித்து உலுக்கிய உலுக்கில், மரத்தில் மிச்சம் இருந்த பூவெல்லாம் தலைமேல் கொட்டியது.

திரும்பவும் உட்கார்ந்து பொறுக்கினார்.

குற்றாலிங்கம் படத்துக்குப் பூவை வைத்துவிட்டு, படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு, அவளுக்குப் பவளமல்லி பிடிக்கும் அண்ணாச்சி, ஆனா பொறுக்க நேரமே இருக்காது, நாலு வீட்டு வேலை அவளுக்கு என்று சொன்னார். ஆவுடையப்பன் அவர் தோளில் கையை வைத்தார். சங்கரவடிவுக்கு என்ன பூ பிடிக்கும் என்று யோசித்தார். நினைவு வந்தது, கனகாம்பரம். நினைவு வந்ததற்காக அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

*

ஐப்பசி மழையில் உடம்பு மறுபடி இறுகியது.

சில நாள் கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. மாடத்தி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், துணியை நனைத்து ஒத்தடம் போட்டுக்கொண்டார். இன்னைக்கு முடியலை என்று அம்மையிடம் சொல்லி அனுப்பினார். இன்னைக்கு முடியலைன்னா நாளைக்கு என்று அம்மை சொல்லி அனுப்பினார். வந்து பார்க்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

வலிக்கிற நாளில் எல்லாம் வலது முட்டுக்குத்தான் திட்டு. சனியனே, மானத்தை வாங்குதியே, எனக்குன்னு வந்து வாய்ச்சியே என்று திட்டுவார். இடது முட்டு பாதி நல்ல பிள்ளை, அதைத் திட்டுவதில்லை.

மார்கழிப் பனியிலும் அதே இழுபறிதான். இருந்தாலும் மழை விட்ட நாளில் செருப்பு மாட்டினார், பரிமாறினார், பூப் பொறுக்கினார். நாற்காலி எப்போது மூலைக்குப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்தது. நாளைக் காலையில் சூசை கொத்தனார் வருகிறார் என்று செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆவுடையப்பன் சமாதி வாசலுக்குப் போனார். குனிந்தார். இடுப்பு இறங்கியது. தலை உள்ளே போனது. கழுத்தும் தோளும் போயின.

வலது கால் எழும்பவில்லை. ஒரு சாண் படிதான். அதற்கு மேல் வர மாட்டேன் என்றது.

அவரே பின்வாங்கி வெளியே வந்தார். யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

நேராக அம்மையிடம் போனார். அம்மை விளக்குக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துத் தரையில் அம்மைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் நன்றி சொல்லியாச்சு அம்மை. இடுப்பு குடுத்துருச்சு. இந்தச் சனியன் பிடிச்ச முட்டு மட்டும் குடுக்க மாட்டேங்கு. நாளைக்கு உடைச்சிருங்க."

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"எல்லாருக்கும்."

"ஒரு ஆளு பாக்கி."

யாரென்று அவர் யோசித்துப் பார்த்தார். பால்காரர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார். யாரும் மிச்சம் இல்லை.

"யாரு அம்மை?"

"இப்ப சனியன்னு சொன்னியளே, அந்த ஆளு."

ஆவுடையப்பன் குனிந்து தன் முட்டைப் பார்த்தார். வேட்டிக்குள் வீங்கலாக, ஒன்றும் தெரியாதது போல இருந்தது.

"அது உங்களுக்கு என்னத்தை செஞ்சுச்சு அண்ணாச்சி? சொல்லுங்க."

வலியைத் தவிர என்ன செய்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

அதற்குள் மலைப்பாதை பஸ் நினைவுக்கு வந்தது. கண்டக்டருக்கு உட்கார இடம் ஏது? சீட்டு ஓரத்தில் இந்த வலது முட்டைத்தான் முட்டுக்கொடுத்து நிற்பார். இரண்டு கையும் டிக்கெட் கிழிக்கும், சில்லறை எண்ணும். வளைவுக்கு வளைவு பஸ் சாயும், பயணிகள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். அவர் விழுந்ததில்லை. விழாமல் நிறுத்தியது யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதையெல்லாம் அவர் மெதுவாக அம்மையிடம் சொன்னார். அம்மை திரி உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில சங்கரவடிவுக்கு நடக்க முடியாமப் போச்சு. நான்தான் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டக் கொண்டு போவேன். கட்டில்ல இருந்து தூக்கும்போது இந்த முட்டைத்தான் ஊனி எந்திரிப்பேன். அவளையும் சேத்து, என்னையும் சேத்து..."

"என்ன செஞ்சுச்சு?" என்று அம்மை கேட்டார்.

"சுமந்துச்சு."

அம்மை உருட்டிய திரிகளை எடுத்துத் தட்டில் வைத்தார். எழுந்தார்.

"கை செஞ்சதுக்குக் கை பதில் சொல்லும்" என்றார் ஆவுடையப்பன். "கால் செஞ்சதுக்கு யாரு அம்மை பதில் சொல்ல?"

"சூசை வெள்ளென வந்துருவாரு. போய்ப் படுங்க" என்றார் அம்மை.

*

சூசை கொத்தனார் வெள்ளெனவே, விடிகிற நேரத்துக்கே வந்துவிட்டார். கடப்பாரையும் சுத்தியலும் கொண்டு வந்திருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். விளக்கு ஏற்றிய பிறகு இடிக்க ஆரம்பிக்கலாம் என்றார், அவருக்கும் அந்த இடத்தில் ஒரு பயம் இருந்தது.

மடத்துக்காரர்கள் எல்லோரும் பின்கட்டில் கூடியிருந்தார்கள். அம்மை ஓரமாக நின்றார்.

குற்றாலிங்கம் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"இருப்பா" என்றார் ஆவுடையப்பன்.

தீப்பெட்டியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். வாசல் கல்லைப் பிடித்தார். குனிய வேண்டிய இடத்தில் குனியாமல், பக்கவாட்டாகத் திரும்பி அந்தக் கல்படிமேல் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு முதுகை வளைத்துத் தலையை வாசலுக்குள் தாழ்த்தினார். இடுப்பு மறுப்புச் சொல்லவில்லை.

கால் இரண்டும் வெளியே இருந்தன.

அவசரம் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி வலது முட்டின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, திட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு இரண்டு கைகளையும் முட்டுக்கு அடியில் கொடுத்தார். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை எடுப்பது போல அந்தக் காலை எடுத்தார். படியைத் தாண்டிச் சுமந்துகொண்டு போய் உள்ளே இறக்கி வைத்தார்.

இடது காலையும் அப்படியே எடுத்து வைத்தார். அதற்கு அவ்வளவு தேவையில்லைதான்.

மாடத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சூசை கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் படியிலிருந்து உள்ளே வழுக்கி இறங்கினார். இருட்டில் அவர் முதுகு மறைந்தது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் அணைந்தது. மறுபடி உரசினார்.

வாசலுக்குள் வெளிச்சம் வந்தது.

வெளியே எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ரத்னசபாபதிக்குத்தான் பொறுக்கவில்லை. குனிந்து வாசலுக்குள் எட்டிக் கேட்டார்.

"வே, நல்லபடியா உள்ள போயிட்டீரா?"

"ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம்" என்றது உள்ளேயிருந்து அவர் குரல்.